மேகம் மறைக்கிறதா? எந்த மேகம் என்று முதலில் பாருங்கள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் மொட்டை மாடியில் டெலஸ்கோப் வைத்து வானம் பார்க்கிற நண்பர்கள் போன் போட்டால் பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் தொடங்கும்: "அண்ணே, இங்க ஒரே மேகமா இருக்கு. எடுத்து வைக்கலாமா, வேண்டாமா?" நான் திருப்பி மூன்று கேள்வி கேட்பேன். மணி என்ன? மேகம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது? நிலா இருந்தால் அதைச் சுற்றி என்ன தெரிகிறது? இந்த மூன்றுக்கும் பதில் கிடைத்துவிட்டால், காத்திருப்பதா, படுத்துவிட்டு விடியற்காலையில் எழுவதா, வண்டியைக் கிளப்பிக்கொண்டு மேற்கே போவதா என்று அநேகமாகச் சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் "மேகம்" என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவதால்தான் நம் இரவுகளில் பாதி வீணாகிறது.

நமக்குக் கிழக்கே கடல், மேற்கே நிலம். தென்மேற்குப் பருவத்தில் மேகம் நிலத்தில் பிறந்து கடலுக்குப் போகிறது. வடகிழக்குப் பருவத்தில் கடலில் பிறந்து நிலத்துக்கு வருகிறது. முதல் பருவத்தில் கெட்டுப்போகிற நேரம் அடுத்த பருவத்தில் நல்ல நேரமாகிவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டு கீழே உங்கள் வீட்டு அறிகுறியைத் தேடுங்கள்.

பகல் முழுக்க வெயில், விளக்கு வைக்கிற நேரத்தில் மேற்கே கருக்கிறது

ஆனி தொடங்கிப் புரட்டாசி வரை இதுதான் நமக்கு வழக்கமான தொல்லை. பகலில் உள்மாவட்டத் தரை கொதிக்கிறது. மதியத்துக்கு மேல் கடல்காற்று உள்ளே புகுந்து, மேற்கேயிருந்து வீசுகிற மேல்காற்றோடு முட்டுகிறது. முட்டுகிற இடத்தில் ஈரக்காற்றுக்கு மேலே ஏறுவதைத் தவிர வழியில்லை. திருவண்ணாமலை, கள்ளக்குறிச்சி, விழுப்புரம் பக்கம் இடிமேகம் கட்டி, மேல்காற்று தள்ளிக்கொண்டு வர, ராத்திரி எட்டு ஒன்பது மணிவாக்கில் நம் தலைக்கு மேல் வந்து கொட்டிவிட்டுக் கடலுக்குள் போகும்.

பலரும் தவறு செய்வது இதற்குப் பிறகுதான். மழை நின்றுவிட்டதே என்று பத்து மணிக்கு மாடிக்கு ஓடுகிறார்கள். வானம் திறந்திருக்காது. இடிமேகத்தின் உச்சி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பனித்துகள்களாகப் பரந்து, பாய் விரித்த மாதிரி கிடக்கும். தரையின் சூடு அடங்கிவிட்டதால் அதற்கு மேற்கொண்டு தீனி கிடையாது. இரண்டு மூன்று மணி நேரத்தில் தானாகக் கரையும். ஆகவே பத்து மணிக்கு அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விடாமல் படுத்துவிடுங்கள். இரண்டு மணிக்கு அலாரம் வையுங்கள். இரண்டிலிருந்து நாலரை வரை கிடைக்கிற வானம், மழை தூசியைக் கழுவிவிட்ட வானம். அந்த நேரத்தில் விருச்சிகமும் தனுசும் மேற்கே சாய்ந்துவிட்டிருக்கும் என்பது இழப்புதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆவணியில் அந்த நேரத்துக்கு ஆண்ட்ரோமெடா விண்மீன்கூட்டம் உச்சிக்கு வடக்கே நன்றாக உயர்ந்திருக்கும், கிழக்கே கார்த்திகைக் கொத்து ஏறிக்கொண்டிருக்கும்.

மேகம் வருமா வராதா என்று கணிக்க எனக்குக் கற்றுத் தந்தவர் கடலூர் தேவனாம்பட்டினத்தில் வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர். ஒரு ஆடி மாதச் சாயங்காலம், கெடிலம் ஆறு கடலில் சேருமிடத்துக்குப் பக்கத்தில் முக்காலியை விரித்துக்கொண்டிருந்தேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன தம்பி, வெள்ளி பாக்கவா?"

"ஆமாங்கய்யா. சனி இன்னைக்கு நல்லாத் தெரியும்."

"மேக்க பாத்தியா? அடியில மின்னுது. காத்து நின்னு போச்சு பாரு, சட்டை ஆடல. ஒரு மணி நேரந்தான்."

எனக்கு மேற்கே ஒன்றும் தெரியவில்லை. ஊர் விளக்கு வெளிச்சம்தான் தெரிந்தது. அரை மணி கழித்துத்தான் அந்த வெளிச்சத்துக்குள்ளேயே துடிப்பு இருப்பது கண்ணில் பட்டது. முக்காலியை மடக்கி வண்டியில் கட்டி முடிப்பதற்குள் புழுதிக்காற்று வந்துவிட்டது. அன்றிலிருந்து கடல்காற்று சட்டென்று செத்துப்போனால் நான் மேற்கேதான் பார்க்கிறேன்.

இந்தப் பருவத்தில் ஒரு எச்சரிக்கை. மின்னலுக்கும் இடிக்கும் இடைவெளியை எண்ணுங்கள். மூன்று நொடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் மேகம் பத்து கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. கருவியை மூடுகிறேன், பெட்டியில் வைக்கிறேன் என்று மாடியில் நிற்கவேண்டாம். இறங்கிவிடுங்கள். டெலஸ்கோப் நனைந்தால் காயவைத்துக்கொள்ளலாம்.

மேகம் துண்டு துண்டாக ஓடுகிறது; குறி வைத்ததும் மறைகிறது

ஐப்பசி, கார்த்திகை. இப்போது எல்லாம் தலைகீழ். வாடையும் கொண்டலும் கடலிலிருந்து மேகத்தை இழுத்து வருகின்றன. ராத்திரி ஏற ஏறக் கடல்மேல் மேகம் வலுக்கும், விடியற்காலையில்தான் மழை அதிகம். ஆகவே முன்னிரவுதான் உங்கள் நேரம். ஆறரை மணிக்கே தயாராக இருங்கள், விடியற்காலைக் கனவை விட்டுவிடுங்கள்.

இந்த மேகங்கள் தாழ்வானவை, வேகமானவை. மணிக்கு முப்பது கிலோமீட்டரில் ஓடுகிற மேகக்கூட்டத்தில் ஒரு கிலோமீட்டர் அகலத்துக்கு ஓட்டை இருந்தால், அது உங்களைக் கடக்க இரண்டு நிமிடம். அந்த இரண்டு நிமிடத்தில் வியாழனைத் தேடி, பைண்டரில் (குறி பார்க்கிற சின்னக் குழாயில்) பிடித்து, போகஸ் செய்து பார்க்க முடியாது. இங்கே தேவை வேறு பழக்கம்.

டாப்சோனியன் (கையால் தள்ளித் திருப்புகிற டெலஸ்கோப்) வைத்திருப்பவர்கள் இதைச் செய்து பாருங்கள். வானம் நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகர்கிறது. குறைந்த உருப்பெருக்கத்தில் உங்கள் ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கிற லென்ஸ்) ஒரு டிகிரி காட்டுகிறது என்றால், நடுவில் வைத்த கோள் இரண்டு நிமிடத்தில் வெளியே போய்விடும். மேகம் நெருங்குவதைக் கண்டால் கோளை நடுவில் விடாதீர்கள். அது எந்த ஓரத்தை நோக்கி நகர்கிறதோ, அதற்கு நேர் எதிர் ஓரத்தில் கொண்டுபோய் வையுங்கள். மேகம் மூடியிருக்கிற நேரத்தில் கோள் பார்வைப் புலத்தை ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடந்துகொண்டிருக்கும். நான்கு நிமிடம் உங்கள் கையில். கண்ணை ஐபீஸிலிருந்து எடுக்காதீர்கள். முதலில் சாம்பலாக ஒரு மினுக்கு, பிறகு வியாழன், பிறகு அதன் பக்கத்தில் வரிசையாக நிலாக்கள், மேகம் விலகுகிற வரிசையிலேயே ஒவ்வொன்றாக ஏறிவரும். தெளிந்த இரவில் இந்தக் காட்சி கிடைக்காது. இதைப் பார்த்த பிறகு துண்டு மேகம் எனக்கு எதிரியாகத் தெரியவில்லை.

வானத்தின் நகர்வோடு கருவியைத் திருப்புகிற மோட்டார் உள்ள தாங்கி என்றால் மேகம் மூடியபோதும் அதை ஓடவிடுங்கள், அணைக்கவேண்டாம். எல்லாவற்றையும்விட எளிது பத்துக்கு ஐம்பது (பத்து மடங்கு பெரிதாக்குகிற, ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள) பைனாகுலர். கழுத்தில் மாட்டிக்கொண்டு திறந்திருக்கிற பக்கம் திரும்பிக்கொண்டே இருக்கலாம். அடைமழைக் காலத்தில் நான் பெரிய குழாயைத் தொடுவதே அபூர்வம்.

தாழ்வு மண்டலம் ஒன்று கரை கடந்து வலுவிழந்து, அதற்குப் பின்னால் வறண்ட வாடை அடிக்கத் தொடங்கினால் மட்டும் விதிவிலக்கு. தோலில் பிசுபிசுப்பு போய்விடும், துணி சீக்கிரம் காயும். அந்த இரவை எந்தக் காரணத்துக்காகவும் விடாதீர்கள். கார்த்திகையில் அப்படி இரண்டு மூன்று இரவு கிடைத்தாலே பாக்கியம்.

தலைக்கு மேல் சுத்தம். கடல் விளிம்பில் மட்டும் சுவர்

கிழக்கே உதிக்கிற எதையும் பார்க்க நினைப்பவர்களுக்கு இது பெரிய மனவேதனை. 2024 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் முதல் நாட்களிலும் சுச்சின்ஷான்-அட்லஸ் வால்மீன் விடியலுக்கு முன் கிழக்கே தாழ்வாக நின்றது. கடற்கரை ஊர்க்காரர்களான நமக்குத்தான் முதல் உரிமை என்று நினைத்து ஐந்து நாள் நாலேகாலுக்கு எழுந்து போனேன். உச்சியில் மிருகசீரிடமும் திருவாதிரையும் பளிச்சென்று இருக்கும். கடல் விளிம்பில் ஒரு கைமுட்டி உயரத்துக்குக் கறுப்புச் சுவர். நான்காம் நாள்தான் சுவரில் ஒரு பிளவு விழுந்தது. பைனாகுலரில் வால் மேல்நோக்கி நீட்டிக்கொண்டு, ஊதி அணைத்த தீக்குச்சிப் புகை மாதிரி நின்றது. எட்டு நிமிடம்.

அந்தச் சுவர் ஏன் எப்போதும் அங்கேயே நிற்கிறது? இரவில் தரை குளிர்ந்து நிலக்காற்று கடலை நோக்கி வீசுகிறது. கடலின் வெதுவெதுப்பான ஈரக்காற்றை அது கரைக்கு அப்பால் சந்திக்கிற இடத்தில் மேகம் வரிசை கட்டுகிறது. அடுத்தது வெறும் கணக்கு: இரண்டு கிலோமீட்டர் உயரமுள்ள மேகம் இருபது கிலோமீட்டர் தள்ளி நின்றால் நமக்கு ஏறத்தாழ ஆறு டிகிரி உயரம் காட்டும். கையை நீட்டி மடக்கிய முட்டியின் அகலம் பத்து டிகிரி. தலைக்கு மேலே தள்ளித் தள்ளி இருக்கிற மேகங்களும் தொலைவில் ஒன்றன்பின் ஒன்றாக நின்று இடைவெளியே இல்லாத சுவராகிவிடும். ஆகவே பத்து டிகிரிக்குக் கீழே உள்ள எதையும் கடல்பக்கம் நம்பி ஒரே நாளில் திட்டமிடாதீர்கள். அடுத்தடுத்து நாலைந்து விடியற்காலை ஒதுக்குங்கள்.

அதே வால்மீன் அக்டோபர் 12 அன்று பூமிக்கு மிக அருகில் வந்து, பிறகு மாலை வானில் மேற்கே ஏறியது. அதுதான் அதன் நல்ல காலம். அப்போது வங்கக்கடல் தாழ்வு மண்டலம் சென்னைப் பக்கம் வந்து, வட கடலோரம் முழுக்க மழை. விடியற்காலையில் போகாமல் "மாலையில் சௌகரியமாகப் பார்க்கலாம்" என்று இருந்தவர்கள் முக்கியமான நாட்களைத் தவறவிட்டார்கள். ஐப்பசியை நம்பி எதையும் தள்ளிப்போடக்கூடாது என்பதை நான் அப்போது நெஞ்சில் எழுதிக்கொண்டேன்.

மேகமே இல்லை, ஆனால் நட்சத்திரம் பாதிதான் தெரிகிறது

மேகம் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? இருட்டில் மெல்லிய மேகம் கண்ணுக்குப் படாது. சோதித்துப் பாருங்கள்.

நிலா இருந்தால், கையை நீட்டி ஒரு சாண் விரியுங்கள். கட்டைவிரல் நிலாவின்மேல் இருக்க, சுண்டுவிரல் நுனி தொடுகிற தூரத்தில் ஒரு பெரிய வெளிறிய வட்டம் தெரிகிறதா? நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். 22 டிகிரி ஆரமுள்ள அந்த வட்டம் உயரத்தில் உள்ள பனித்துகள் மேகத்தின் வேலை. "அகல வட்டம் பகல் மழை" என்ற பழமொழியில் விஷயம் இருக்கிறது: வடகிழக்குப் பருவத்தில் தாழ்வு மண்டலத்துக்கு முன்னோடியாக இந்த உயர்மேகம்தான் முதலில் பரவிவரும். சித்திரையில் அதே வட்டத்துக்கு அவ்வளவு அர்த்தமில்லை. நிலாவை ஒட்டினாற்போலச் சின்னதாக, ஓரம் செம்பழுப்பாக ஒரு வளையம் இருந்தால் அது நீர்த்துளி மேகம். பெரும்பாலும் நகர்ந்துபோகும், காத்திருக்கலாம்.

நிலா இல்லாத இரவில் கார்த்திகைக் கொத்தை எண்ணுங்கள். மீனவர்கள் ஆறாமீன் என்பார்கள். ஆறும் தெரிந்தால் நல்ல வானம். நான்குக்குக் குறைந்தால் நடுவில் ஏதோ இருக்கிறது. இன்னொரு வழி நெய்வேலி பக்கமோ சிப்காட் பக்கமோ திரும்புவது. ஊர் வெளிச்சம் வழக்கத்தைவிட அதிகமாக மேலே ஏறி மஞ்சளாகப் பரவியிருந்தால் மேகமோ புகையோ அதைத் திருப்பி அனுப்புகிறது. ஊருக்குள் மேகம் வானத்தைவிட வெளுப்பாகத் தெரியும். ஊசுட்டேரிக் கரை மாதிரி இருட்டான இடத்துக்குப் போனால் அதே மேகம் வானத்தைவிடக் கறுப்பாகத் தெரியும். இடம் மாறிப் பார்க்கிறவர்கள் இதில் ஏமாந்துபோகிறார்கள்.

உயர்மேகம் என்று உறுதியானால் வீட்டுக்குள் போய்விடவேண்டாம். அது ஒளியைக் குறைக்கும், அவ்வளவாகக் கலைக்காது. நிலாவின் பள்ளங்கள், வியாழனின் பட்டைகள், சனி வளையம், இரட்டை நட்சத்திரங்கள் எல்லாம் நன்றாகவே கிடைக்கும். காற்றில்லாத, லேசாகப் புகைமூட்டமான இரவுகளில் கோள்களின் உருவம் ஆடாமல் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். மழை கழுவிவிட்ட பளபளப்பான வானத்தில் நட்சத்திரம் அழகாக மினுங்கும். அந்த மினுங்கலே காற்று கொதிப்பதன் அடையாளம், கோளைப் பெரிதாக்கினால் கொதிக்கிற தண்ணீருக்கடியில் காசு மாதிரி ஆடும். நெபுலா, விண்மீன்கூட்டம் பார்க்க மட்டும் உயர்மேகம் உதவாது.

புகைக்கு மருந்து இல்லை. போகிக்கு முதல் நாளும் மறுநாளும் விட்டுவிடுங்கள். தீபாவளி அமாவாசையை ஒட்டி வருவதால் வருடத்தின் நல்ல இருட்டில் ஒன்று ஒவ்வொரு முறையும் புகையில் போகிறது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. குழந்தைகளின் சந்தோஷத்துக்கு ஈடாக அதை வைத்துக்கொள்கிறேன்.

தூசியும் விளக்கும் சேர்ந்து எவ்வளவை மறைக்கின்றன என்று நான் கண்டது 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் நம் ஊரான கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரை கடந்த பிறகுதான். மின்கம்பங்கள் விழுந்து கிடந்தன. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்திருந்தன. ஊரே துக்கத்தில் இருந்தது. ஒரு நாள் தண்ணீர் தூக்கிக்கொண்டு மாடி ஏறியபோது, நிலா இறங்கிவிட்டிருந்தது. மஞ்சக்குப்பத்தின் நடுவில், தெற்கே அகத்திய நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், பால்வீதி நீளமாக ஓடியது. அதற்கு முன்பும் பின்பும் அந்த மாடியிலிருந்து அதை நான் பார்த்ததில்லை.

நன்றாகத் தெரிந்தது, அரை மணியில் மங்கிவிட்டது

முதலில் வெறும் கண்ணால் மேலே பாருங்கள். நட்சத்திரம் அப்படியே இருக்கிறதா? அப்படியானால் மேகம் வானத்தில் இல்லை, உங்கள் கண்ணாடியில் இருக்கிறது. பனி படிந்துவிட்டது.

தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்பது டெலஸ்கோப்புக்குப் பொருத்தமான வாக்கு. நமக்கு மிகத் தெளிந்த வானம் கிடைக்கிற அதே தை, மாசியில்தான் இந்தத் தொல்லையும் உச்சம். திறந்த வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிற கண்ணாடி தன் சூட்டை மேலே விட்டுக்கொண்டே இருக்கிறது. சுற்றுக்காற்றைவிட ஓரிரு டிகிரி குளிர்ந்ததும், கடலோர ஈரம் அதன்மேல் இறங்கிவிடும்.

துடைக்காதீர்கள். உப்பும் தூசியும் கலந்த ஈரத்தைத் துணியால் தேய்த்தால் கண்ணாடியின் பூச்சில் கீறல் விழும், அது நிரந்தரம். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஒரு அடி தள்ளி, ஆட்டி ஆட்டிக் காட்டுங்கள். ஒரு நிமிடத்தில் கரையும். வராமலே தடுக்க, யோகா பாய் ஒன்றை வாங்கிக் குழாயைச் சுற்றி முன்னால் நீட்டிக்கொண்டு கட்டுங்கள். நீளம் குழாய் விட்டத்தைப்போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். கண்ணாடி பார்க்கிற வானத்தின் பரப்பைக் குறைத்தாலே குளிர்வது தாமதமாகும். முன்னால் லென்ஸ் உள்ள கருவிகளுக்கு இது கட்டாயம். டாப்சோனியனில் பெரிய கண்ணாடி குழாயின் அடியில் இருப்பதால் அது தப்பிக்கும்; பைண்டரும் ஐபீஸும்தான் மாட்டும். ஐபீஸைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள், உடம்புச் சூடு போதும்.

கோடையில் இதற்கு இன்னொரு முகம் உண்டு. ஏசி அறையில் வைத்திருந்த டெலஸ்கோப்பை நேரே மாடிக்குக் கொண்டுவந்தால் சோடா பாட்டில் வியர்ப்பது மாதிரி ஒரு நொடியில் எல்லாம் வெளுத்துவிடும். மூடியைத் திறக்காமல், பெட்டியோடு ஒரு மணி நேரம் மாடியில் வைத்துவிட்டுப் பிறகு திறவுங்கள்.

செயலி தெளிவு என்கிறது, வானம் மூடியிருக்கிறது

வானிலைச் செயலியில் வருவது கணினிக் கணிப்பு. நன்றாகக் கணிக்கிற ஐரோப்பிய மாதிரியேகூட உலகத்தை ஒன்பது கிலோமீட்டர் கட்டங்களாகத்தான் பார்க்கிறது. ஒரு கட்டத்துக்குள் பிறந்து மடிகிற இடிமேகம் அதற்குத் தெரியாது. விண்டி மாதிரியான செயலியில் மொத்த மேகத்தைப் பார்க்காமல் தாழ், நடு, உயர் என்று மூன்றையும் தனித்தனியாகத் திறந்து பாருங்கள். உயர்மேகம் மட்டும் என்றால் நிலாவுக்குத் தயாராகலாம், முன்னே சொன்னதுபோல.

இரவு ஏழு மணிக்கு மேல் கணிப்பை மூடிவிட்டு இன்சாட் செயற்கைக்கோள் படத்துக்குப் போங்கள். ஆனால் இரவில் வருவது அகச்சிவப்புப் படம். அது வெப்பத்தைத்தான் அளக்கிறது. உயரமான மேகம் குளிர்ந்தது, வெள்ளையாகத் தெரியும். கடல்மட்டத்துக்கு ஓரிரு கிலோமீட்டர் மேலே மிதக்கிற தாழ்மேகத்துக்கும் கடலுக்கும் வெப்ப வித்தியாசம் குறைவு, படத்தில் ஒன்றுமே இல்லாத மாதிரி இருக்கும். பங்குனி, சித்திரை விடியற்காலைகளில் தெற்கத்திக் காற்றோடு வருகிற தாழ்மேகம் இப்படித்தான் பலரை ஏமாற்றுகிறது. காரைக்கால், சென்னை ரேடார் படங்களில் தெரிவது மழைத்துளி. மழை இல்லாத மேகம் அதிலும் வராது. இடிமேகம் மேற்கேயிருந்து எவ்வளவு வேகமாக நெருங்குகிறது என்று பார்க்க மட்டும் ரேடாரைப்போல உதவுவது வேறில்லை.

கிரகண நாள், மேகம் மூடிவிட்டது

நம் மண்ணில் நடந்த கதை ஒன்று இருக்கிறது. பிரெஞ்சு வானியலாளர் லெ ஜென்டீல், 1761 ஜூன் 6 அன்று வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடப்பதைப் புதுச்சேரியிலிருந்து அளக்க 1760இல் கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. கடப்பு நாளில் வானம் தெளிவு. ஆனால் அவர் இருந்தது ஆடுகிற கப்பலில், அளவெடுக்க வழியில்லை. அடுத்த கடப்பு எட்டு ஆண்டு கழித்து. அவர் ஊர் திரும்பவில்லை. மடகாஸ்கர், மணிலா என்று சுற்றி, 1768இல் புதுச்சேரி வந்து, இடிந்து கிடந்த கோட்டையில் ஆய்வுக்கூடம் கட்டினார். சென்னையிலிருந்த ஆங்கிலேயர்கள் அவருக்கு ஒரு நல்ல டெலஸ்கோப்பை அனுப்பி உதவினார்கள். காத்திருந்த காலத்தில், நம் தமிழ்க் கணக்கர்கள் சோழிகளை வைத்துக் கிரகணம் கணிக்கிற முறையை உட்கார்ந்து கற்றுக்கொண்டார். 1769 ஜூன் 4 விடியற்காலை, வெள்ளி சூரியனைக் கடந்து முடிக்கிற நேரம் முழுக்க மேகம். எல்லாம் முடிந்த சிறிது நேரத்தில் வெயில் வந்தது. அதே காலையில் மணிலாவில் வானம் தெளிவாக இருந்தது. அடுத்த கடப்பு 1874இல். அவர் 1771இல் ஊர் போய்ச் சேர்ந்தபோது, இறந்துவிட்டார் என்று முடிவுகட்டிச் சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் ஜூன் மாத விடியற்காலை நிற்கும்போதெல்லாம் அவரை நினைத்துக்கொள்வேன். அவர் கையில் இல்லாதது நம்மிடம் இருக்கிறது: சாலையும் போனும். ஒரே நாளில் முடிந்துவிடுகிற நிகழ்ச்சிக்கு ஒரே இடத்தை நம்பாதீர்கள். செஞ்சியிலோ திருவண்ணாமலையிலோ ஒருவர், கடற்கரையில் ஒருவர் என்று முன்கூட்டியே பேசிவைத்து, மூன்று மணி நேரத்துக்கு முன் இருவரும் வானத்தைச் சொல்லிக்கொள்ளுங்கள். வடகிழக்குப் பருவத்தில் உள்ளே போகப் போக மேகம் குறைய வாய்ப்பு அதிகம். தென்மேற்குப் பருவ மாலைகளில் இடிமேகம் உள்ளேதான் கட்டும் என்பதால் மேற்கே ஓடுவது வீண், அப்போது பின்னிரவு வரை பொறுப்பதுதான் வழி. 2028 டிசம்பர் 31 இரவு பத்து மணிவாக்கில் முழுச் சந்திர கிரகணம் நமக்குத் தெரியும். மார்கழி நடு, மழை ஓய்கிற சமயம். இரண்டாவது இடத்தை இப்போதே யோசித்து வைக்கலாம்.

சந்திர கிரகணத்தில் மூடிக்கிடந்தாலும் கடைசி நிமிடம் வரை கருவியை மடிக்காதீர்கள், அது மணிக்கணக்கில் நடப்பது. ஒரு ஓட்டை போதும். சூரிய கிரகணத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். மேகம் சூரியனை மங்கலாக்கியிருக்கிறதே என்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு டெலஸ்கோப்பிலோ பைனாகுலரிலோ பார்க்கவே கூடாது. மேகம் விலகுகிற அந்த ஒரு நொடி கண்ணை எடுத்துவிடும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் கூட இருந்தால் கருவியை விட்டு நீங்கள் ஒரு அடிகூட நகராதீர்கள்.

மூன்று வாரமாக ஒரு நட்சத்திரமும் இல்லை

ஜவ்வாது மலையிலுள்ள காவலூர் வான் ஆய்வகத்தில் 1986 முதல் நிற்கிற 2.34 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கிக்கும் மழைக்காலத்தில் இதே நிலைதான். 1977இல் யுரேனஸுக்கு வளையம் இருப்பதைக் காட்டிய பதிவுகளில் ஒன்று காவலூரின் 1 மீட்டர் கருவியில் எடுத்தது. அது கிடைத்தது மார்ச் 10 அன்று, நம் தெளிந்த பருவத்தில். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்வது: ஐப்பசியில் வாங்கிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டாம். தை பிறக்கட்டும்.

கையில் ஏற்கெனவே இருந்தால், இந்த வாரங்களில் கருவிக்கு நடக்கிற ஆபத்து பூஞ்சை. மூடிய பெட்டிக்குள், ஈரமான அலமாரியில், லென்ஸின் ஓரத்திலிருந்து சிலந்தி நூல் மாதிரி மெல்ல உள்ளே படரும். ஒருமுறை பிடித்தால் கண்ணாடியையே அரித்துவிடும். ஐபீஸ்களைக் காற்றுப் புகாத டப்பாவில் சிலிகா ஜெல்லோடு போடுங்கள். நிறம் மாறுகிற வகையாக வாங்கினால் எப்போது வாணலியில் லேசாகச் சூடு காட்டித் திரும்பப் போடவேண்டும் என்று தெரியும். கடற்கரைக்குக் கொண்டுபோய் வந்த முக்காலியின் திருகுகளை ஈரத்துணியால் துடைத்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் உப்பு தின்றுவிடும்.

மழை விட்ட ஒரு பகலில் பைண்டரைச் சரிசெய்யுங்கள். தூரத்துத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியையோ செல்போன் கோபுரத்தின் நுனியையோ டெலஸ்கோப்பின் நடுவில் கொண்டுவந்து, பைண்டரின் குறுக்குக்கோட்டை அதே புள்ளியில் நிறுத்தித் திருகுகளை இறுக்குங்கள். சூரியன் இருக்கிற பக்கம் மட்டும் குழாயைத் திருப்பாதீர்கள். இரண்டு நிமிட ஓட்டையில் வியாழனைப் பிடிக்கமுடியாமல் போவதற்குப் பாதிக் காரணம் பைண்டர் விலகியிருப்பதுதான். என் மாடியிலிருந்து திருப்பாதிரிப்புலியூர் பக்கத்துக் கோபுரம் ஒன்றின் சிவப்பு விளக்கு தெரியும். மழைத்தூறலுக்கு நடுவிலும் அது தெரிகிற சாயங்காலமெல்லாம் ஒருமுறை குறி பார்த்துச் சரிசெய்துவிட்டுத்தான் மூடியைப் போடுகிறேன்.